ஹேல் எண்டிலிருந்து எமிரேட்ஸ் வரை: ஆர்செனலின் இளம் வீரர்களைப் பின்தொடரப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டன் கால்பந்துக் கிளப்பான ஆர்செனலின் ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர் சீக்கிரமே ஒன்றைக் கவனிப்பார். கோடிகளைக் கொட்டி வாங்கிய நட்சத்திரங்களுக்கு நடுவே, முதுகில் 49 என்றோ 56 என்றோ பெரிய எண்ணோடு, மீசைகூடச் சரியாக முளைக்காத ஒருவர் மாற்று வீரராக இறங்குவார். பந்தை அவர் தொடுவதற்கு முன்பே அரங்கம் எழுந்து கைதட்டும். "ஹேல் எண்ட் பையன்" என்பார்கள் பழைய ரசிகர்கள், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

தேவைப்படுபவர்களுக்காக எழுதியது இது. ஒரு கிளப் தானே வளர்த்தெடுக்கும் வீரர்களை எங்கிருந்து, எதைப் பார்த்துப் பின்தொடர வேண்டும் என்பதுதான் விஷயம். உதாரணங்கள் எல்லாம் ஆர்செனலிலிருந்து வருகின்றன. விதிமுறைகள் இங்கிலாந்தின் மற்ற பெரிய கிளப்புகளுக்கும் பொருந்தும். ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பையனின் திறமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் பிடிபடும். முதல் அணியில் எந்த இடம் காலியாகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படி 1: ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்செனலின் அகாடமி வடகிழக்கு லண்டனில், வால்தம்ஸ்டோ பக்கம், ஹேல் எண்ட் என்ற இடத்தில் இருக்கிறது. ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை சிறுவர்கள் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் மைதானம். பின்னாளில் முதல் அணியின் நட்சத்திரமான புகாயோ சாகா ஏழெட்டு வயதில் இங்கே வந்தவர்.

பதினாறு வயதில் முதல் பெரிய வடிகட்டல் நடக்கிறது. கிளப் விரும்பினால் இரண்டு ஆண்டு ஸ்காலர்ஷிப் தரும். பயிற்சியோடு படிப்பும் தொடரும். அதோடு இடமும் மாறுகிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள லண்டன் கோல்னி மைதானத்தில்தான் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியும், 21 வயதுக்குட்பட்டோர் அணியும், முதல் அணியும் பயிற்சி செய்கின்றன. பதினேழாவது பிறந்தநாள் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். "பதினேழாம் பிறந்தநாளில் ஒப்பந்தம்" என்ற செய்தியை அடிக்கடி பார்ப்பீர்கள். அதற்கு முந்தைய நாள் வரை சட்டப்படி அது முடியாது என்பதே காரணம்.

இன்றைய அமைப்பு 2012-இல் வந்தது. எலைட் பிளேயர் பெர்ஃபாமன்ஸ் பிளான் என்ற திட்டத்தின்கீழ் இங்கிலாந்து அகாடமிகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆர்செனல் முதல் தரம். ஒரு சிறுவன் சிறிய கிளப்பிலிருந்து பெரிய கிளப்புக்குப் போனால் இழப்பீடு எவ்வளவு என்பதற்கும் நிலையான கணக்கு ஒன்றை இதே திட்டம் கொண்டுவந்தது. பெரிய கிளப்புகளுக்கு இது வசதி, சிறியவற்றுக்குக் கசப்பு. பாடுபட்டு வளர்த்த பையன்களைச் சொற்பத் தொகைக்கு இழக்கிறோம் என்ற காரணத்தையும் சொல்லி பிரென்ட்ஃபோர்ட் 2016-இல் தன் அகாடமியையே மூடியது. சில ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தது. "எங்கள் அகாடமி" என்று பெரிய கிளப்பின் ரசிகர் மார்தட்டும்போது இந்த மறுபக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: "ஹோம்குரோன்" கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஹோம்குரோன் என்றால் இங்கிலாந்தில் பிறந்தவர் என்று பொருளல்ல. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேரைப் பதிவு செய்யலாம். அதில் ஹோம்குரோன் அல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயது நிறைவதற்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப் ஒன்றில் மூன்று சீசன்களோ 36 மாதங்களோ பதிவாகியிருந்தவர் ஹோம்குரோன். எந்தக் கிளப் என்பது முக்கியமில்லை. பார்சிலோனாவிலிருந்து 2003-இல் பதினாறு வயதில் வந்த செஸ்க் ஃபாப்ரிகாஸ் ஸ்பெயின் நாட்டுக்காக உலகக் கோப்பையை வென்றவர். இங்கிலாந்து விதிப்படி அவர் ஹோம்குரோன்.

ஐரோப்பியப் போட்டிகளில், அவற்றை நடத்தும் அமைப்பான யூஇஎஃப்ஏ இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. 25 பேர் பட்டியலில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு. அந்த எட்டில் குறைந்தது நான்கு அதே கிளப்பில் பயிற்சி பெற்றவர்களுக்கு. இரு வகையினருமே 15 முதல் 21 வயதுக்குள் மூன்று ஆண்டுகளைக் கழித்திருக்க வேண்டும். சாகா ஆர்செனலில் வளர்ந்தவர் என்பதால் இரண்டு கணக்கிலும் சேருவார். செல்சி பதினான்கு வயதில் கைவிட, வெஸ்ட் ஹாமில் வளர்ந்து, 2023-இல் 10 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்ட டெக்லன் ரைஸ் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர் மட்டுமே. நான்கு பேர் தேறாவிட்டால் அந்த இடங்களை வேறு யாரையும் வைத்து நிரப்ப முடியாது. பட்டியலே சுருங்கிவிடும்.

21 வயதுக்குட்பட்டவர்களை பிரீமியர் லீக்கில் இந்த 25-க்கு வெளியே, எத்தனை பேரை வேண்டுமானாலும் ஆட வைக்கலாம். ஐரோப்பாவில் அவர்களுக்கு "பி பட்டியல்" என்று தனியாக ஒன்று உண்டு. அதில் சேர இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கிளப்பில் இருந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் பெரும் தொகைக்கு வாங்கிய வீரர் 25-இல் ஓர் இடத்தை விழுங்க, அகாடமிப் பையன் இடமே பிடிக்காமல் பெஞ்சில் உட்காருவது இதனால்தான்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 தொடக்கத்திலிருந்து, இங்கிலாந்து கிளப்புகள் பதினெட்டு வயது நிரம்பாத வெளிநாட்டு வீரர்களை ஒப்பந்தம் செய்ய முடியாது. ஃபாப்ரிகாஸ் வந்த வழி அடைபட்டது. உள்ளூர்ச் சிறுவர்களின் மதிப்பு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: எந்த ஆட்டம், எவ்வளவு எடை

எல்லா இளையோர் ஆட்டங்களையும் பார்க்க யாராலும் முடியாது. தேர்ந்தெடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான பிரீமியர் லீக் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்து நடக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமை காலை ஆட்டங்கள். நமக்கு அது பிற்பகல். முகங்களைப் பழகிக்கொள்ள நல்லது. முடிவுகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள்.

அதற்கு மேலே பிரீமியர் லீக் 2. இது 21 வயதுக்குட்பட்டோருக்கானது. காயத்திலிருந்து மீளும் பெரிய வீரர்களும் எப்போதாவது வந்து இறங்குவார்கள். ஆட்டம் அழகாக இருக்கும். ஆனால் மோதலும் முட்டலும் குறைவு. வெற்றி தோல்வியால் யாருடைய வீட்டுக் கடனும் பாதிக்கப்படாத ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வேகத்தை நம்பி ஒருவரைப் பெரிய வீரர் என்று முடிவு கட்டினால் ஏமாற்றம்தான்.

1952-53 சீசனில் தொடங்கிய, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான எஃப்ஏ யூத் கோப்பை வேறு ரகம். ஒரு தோல்வியோடு வெளியேற வேண்டும், இரவு விளக்கொளியில் ஆட்டம், சில வேளைகளில் பெரிய அரங்கம். பதற்றத்தில் யார் பந்தைக் கேட்டு வாங்குகிறார், யார் ஒளிகிறார் என்பது இங்கே தெரிந்துவிடும். 2023-இல் ஜாக் வில்ஷியர் பயிற்சியில் ஆர்செனல் இறுதிப்போட்டி வரை வந்தது. அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசிக் கணங்களில் வெற்றி கோலை அடித்தவர் மைல்ஸ் லூயிஸ் ஸ்கெல்லி. எமிரேட்ஸ் அரங்கில் நடந்த இறுதியில் வெஸ்ட் ஹாம் 5-1 என்று நொறுக்கியது. அன்று தோற்ற அணியில் இருந்த லூயிஸ் ஸ்கெல்லியும் ஈத்தன் நுவானேரியும் இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பாவின் உயர்ந்த கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோப்பையை யார் தூக்கினார்கள் என்பதல்ல இங்கே கணக்கு.

சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் கிளப்புகளின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் மோதும் யூஇஎஃப்ஏ யூத் லீக் 2013-14 முதல் நடக்கிறது. வெவ்வேறு நாட்டுப் பாணிகளை எதிர்கொள்ளும் வாய்ப்பு அது. மேக்ஸ் டௌமன் 2024 செப்டம்பரில், பதினான்கு வயதில், அட்டலாண்டாவுக்கு எதிராகக் கோல் அடித்து அந்தப் போட்டியின் மிக இளைய கோல் வீரரானார்.

என்னைக் கேட்டால் புதியவர்கள் தவறவிடவே கூடாதது இஎஃப்எல் டிராஃபி. ரசிகர்கள் பலர் ஏளனம் செய்யும் போட்டி இது. கீழ்மட்ட லீக்குகளின் கிளப்புகளோடு பெரிய அகாடமிகளின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகளும் 2016-17 முதல் இதில் ஆடுகின்றன. எதிரே நிற்பவர்கள் முப்பது வயது ஆண்கள். முழங்கையால் இடிப்பார்கள், காதோரம் வசைபாடுவார்கள், உயரப் பந்துக்கு முதுகில் ஏறுவார்கள். பதினேழு வயதுப் பின்கள வீரர் இங்கே முதல் இருபது நிமிடங்களை எப்படிக் கடக்கிறார் என்று பாருங்கள். யூத் லீக்கின் ஐந்து ஆட்டங்கள் சொல்லாததை அது சொல்லும்.

படி 4: கோல் கணக்கை ஓரமாக வையுங்கள்

2023 நவம்பரில் ஆர்செனலின் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணி லிவர்பூலை 14-3 என்று வென்றது. அதில் பத்து கோல்கள் சிடோ ஒபியுடையவை. சமூக ஊடகங்களில் மறுநாளே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். அந்த வயதில் உயரமும் வலுவும் முன்கூட்டியே வந்த ஒருவர் மற்றவர்களை ஓடவிட்டே ஜெயிக்கலாம். எல்லோரும் வளர்ந்து முடித்தபின் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கோலுக்குப் பதில் நான் பரிந்துரைப்பது இது. ஒரு வீரரை மட்டும் தேர்ந்தெடுத்து, பந்தைப் பார்க்காமல், பத்து நிமிடங்கள் அவரை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார்? பந்தை எந்தக் காலில் வாங்குகிறார்? அதை வாங்கும்போதே உடல் முன்னோக்கித் திரும்பியிருக்கிறதா, கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்கிறதா? பந்து பறிபோன அடுத்த மூன்று நொடிகளில் என்ன செய்கிறார்? லூயிஸ் ஸ்கெல்லியின் இளையோர் ஆட்டங்களில் கண்ணில் படுவது இதுதான். இரண்டு பேர் நெருங்கும்வரை காத்திருந்து, உடலை இடையில் நுழைத்து, அவர்களைத் தாண்டித் திரும்புவார். முதல் அணியில் இடது பின்களத்தில் ஆடியபோதும் அதே அசைவுதான். களத்தில் இடம் மாறியது, பழக்கம் மாறவில்லை.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் பொருள் உண்டு. இங்கிலாந்தில் வயதுப் பிரிவுகள் பள்ளி ஆண்டின்படி செப்டம்பர் 1-இல் தொடங்குகின்றன. சாகா பிறந்தது செப்டம்பர் 5. லூயிஸ் ஸ்கெல்லி செப்டம்பர் 26. இருவரும் தங்கள் பிரிவில் மூத்தவர்கள். பின்னாளில் நட்சத்திரங்களான வேறு இருவரைப் பாருங்கள்: ஹாரி கேன் பிறந்தது ஜூலை 28. எபெரெச்சி எஸே ஜூன் 29. ஒரே பிரிவில் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு இளையவர்கள். கேனை எட்டு ஒன்பது வயதிலும், எஸேயைப் பதின்மூன்று வயதிலும் ஆர்செனல் வேண்டாம் என்று அனுப்பியது. நான்கு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். கேன் பிறந்த அதே ஜூலை 28-இல் பிறந்த எமில் ஸ்மித் ரோ ஹேல் எண்டிலேயே நிலைத்தும் இருக்கிறார். ஆனாலும் சிறுவயதில் பத்து மாத வளர்ச்சி என்பது சாதாரண வித்தியாசம் அல்ல. அகாடமிகளே இப்போது சில பயிற்சிகளில் வயதைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியைப் பார்த்துச் சிறுவர்களைப் பிரிக்கின்றன. கோடையில் பிறந்தவர் சற்றுத் தடுமாறினால் கூடுதலாக ஒரு சீசன் பொறுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

படி 5: காலியிடத்தைத் தேடுங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் பையனைப் பற்றியவை. இனிச் சொல்வது அவருக்கு முன்னால் நிற்பவர்களைப் பற்றியது.

முதல் அணிக்குள் நுழையக் காத்திருக்கும் இளைஞரின் நிலை ஆர்.ஏ.சி. டிக்கெட் எடுத்தவர் நிலைதான். ரயிலுக்குள் இருக்கிறார், ஆனால் யாராவது எழுந்தால்தான் படுக்கை. ஆர்செனல் வரலாற்றைப் புரட்டினால் இதே கதை திரும்பத் திரும்ப வரும். 2000-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இடது பின்களத்தில் ஆடிய பிரேசிலின் சில்வின்யோவுக்குக் காயம். ஆஷ்லி கோல் உள்ளே வந்தார், பிறகு அந்த இடத்தை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. 2019 டிசம்பரில் இடது பின்கள வீரர்கள் டியர்னி, கோலசினாட்ஸ் இருவருக்கும் காயம். அடிப்படையில் விங்கரான (ஓரத்தில் தாக்கி ஆடுபவரான) சாகா இடது பின்களத்துக்கு அனுப்பப்பட்டார். 2020 டிசம்பரில் லீக்கில் ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றியில்லை, பெரிய வீரர்கள் சிலரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செல்சிக்கு எதிராக ஸ்மித் ரோவை இறக்கினார் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டெட்டா. ஆர்செனல் 3-1 என்று வென்றது, அந்த சீசனின் போக்கே திரும்பியது. 2024-25-இல் இடது பின்கள வீரர்கள் மாறி மாறிக் காயமடைய, நடுக்கள வீரரான லூயிஸ் ஸ்கெல்லி அங்கே வந்தார். 2025 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் தொடக்க அணியில் இருந்தார். அதே சீசனில் டிசம்பர் 21 அன்று சாகாவின் தொடைத் தசை கிழிய, நுவானேரிக்கு வலது ஓரத்தில் இடம் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கதவைத் திறந்தது பெரும்பாலும் அடுத்தவருடைய காயம். இரண்டு, நுழைந்த பலர் தங்கள் சொந்த இடத்தில் நுழையவில்லை. அதனால் ஓர் இளம் வீரரைப் பார்க்கும்போது "இவர் எவ்வளவு நல்லவர்?" என்பதோடு, "வேறு எந்த இடத்தில் இவரால் சமாளிக்க முடியும்?" என்றும் கேளுங்கள். நடுத்தாக்குதல் வீரரோ கோல்கீப்பரோ ஆக இருந்தால் பதில் பெரும்பாலும் "எங்கும் முடியாது". அவர்களுடைய பாதை நீளமானது, இரக்கமற்றது.

இதற்கான பயிற்சி எளிது. ஒரு தாளில் முதல் அணியின் பதினோரு இடங்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்களைக் காயத்தால் இழக்கிறார்கள் என்று குறியுங்கள். எங்கே இரண்டாவது பெயர் பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் அடுத்த ஹேல் எண்ட் பையன் வருவார். அல்லது அடுத்த கோடையில் கிளப் பணத்தைக் கொட்டி அந்த இடத்தை அடைத்துவிடும். இரண்டில் எது என்று ஊகிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே.

படி 6: நெருங்கி வருகிறார் என்பதை எப்படி அறிவது

முதல் அணியோடு பயிற்சி செய்யும் புகைப்படம் வெளியானால் பரபரப்படைய வேண்டாம். எண்ணிக்கையைச் சரிக்கட்டப் பையன்களைக் கூப்பிடுவது அன்றாட வழக்கம். பெஞ்சில் பெயர் இருப்பதும் அப்படித்தான். பிரீமியர் லீக்கில் ஒன்பது மாற்று வீரர்களை வைத்துக்கொள்ளலாம், அதில் கடைசி இரண்டு இடங்கள் பெரும்பாலும் அலங்காரம்.

லீக் கோப்பையின் தொடக்க அணியில் பெயர் வருவது அதைவிடக் கனமான அறிகுறி. 2024 செப்டம்பரில் போல்டனை 5-1 என்று வென்ற ஆட்டத்தில் நுவானேரி இரண்டு கோல்கள் அடித்தார். அதே இரவில் பதினாறு வயது ஜாக் போர்ட்டர் கோல்கீப்பராகத் தொடங்கினார். ஆனால் போர்ட்டரின் பெயர் அன்று வந்ததற்கு மற்ற கோல்கீப்பர்கள் இல்லாததும் காரணம், நுவானேரியுடையது தேர்வு. ஒரே அணிப் பட்டியலில் இரண்டு பெயர்கள், இரண்டு வேறு பொருள்கள்.

சீசனுக்கு முந்தைய சுற்றுப்பயணத்தையும் விடாதீர்கள். 2025 ஜூலையில் சிங்கப்பூர் தேசிய அரங்கில் நியூகாசிலுக்கு எதிராக டௌமன் இறங்கி, எதிரணியைத் திணறடித்து, ஒரு பெனால்டியையும் பெற்றுத் தந்தார். ஆகஸ்ட் 23 அன்று, 15 வயது 235 நாட்களில், லீட்ஸுக்கு எதிராகப் பிரீமியர் லீக்கில் அறிமுகம். அங்கேயும் ஒரு பெனால்டி. நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கின் மிக இளைய வீரரும் ஆனார். பிரீமியர் லீக்கின் மிக இளைய வீரர் என்ற பெயர் மட்டும் நுவானேரியிடமே இருக்கிறது: 2022 செப்டம்பர் 18, பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக, 15 வயது 181 நாட்கள். ஆனால் அந்தச் சாதனைக்குப் பிறகு அவர் முதல் அணியில் தொடர்ந்து ஆட இரண்டு ஆண்டுகள் ஆயின. அறிமுகம் என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எதுவுமில்லை.

சட்டை எண்ணும் பேசும். சாகா முதலில் 87, அடுத்த சீசனில் 77, அதற்கடுத்து 7. ஸ்மித் ரோ 55, பிறகு 32, பிறகு 10. எண் சிறுத்தால் இடம் பெருக்கிறது என்று கொள்ளலாம். தன் எண்ணின்மேல் ஆசை கொண்டு அதையே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. லூயிஸ் ஸ்கெல்லி இங்கிலாந்துக்காகக் கோல் அடித்த பிறகும் ஆர்செனலில் 49-ஆகவே இருந்தார்.

படி 7: லோன் போனால் என்ன பார்க்க வேண்டும்

பத்தொன்பது, இருபது வயதில் பெரும்பாலோர் வேறு கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆடிவிட்டுத் திரும்ப, போவார்கள். வெளிநாட்டு லோன்களுக்கு ஃபிஃபா வரம்பு வைத்திருக்கிறது: ஒரு சீசனில் ஆறு பேரை அனுப்பலாம், ஆறு பேரை வாங்கலாம். 21 வயது வரை உள்ளவர்களும் அந்தக் கிளப்பிலேயே பயிற்சி பெற்றவர்களும் இந்த வரம்பில் வரமாட்டார்கள். ஆகவே அகாடமிப் பையன்களுக்கு வாசல் திறந்தேதான் இருக்கிறது.

கிளப்பின் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. ஸ்மித் ரோ 2019 ஜனவரியில் லைப்ஸிக்குக்குப் போனார். காயத்தோடு போனவர் களத்தில் இருந்தது அரை மணி நேரம்கூட இல்லை. அடுத்த ஜனவரியில் தரவரிசையில் தத்தளித்துக்கொண்டிருந்த ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். ஜூலையில் வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிராக 86-ஆவது நிமிடத்தில் அவர் அடித்த வெற்றி கோல், கீழ்லீக்குக்கு இறங்காமல் ஹடர்ஸ்ஃபீல்டைக் காப்பாற்ற உதவியது. வெஸ்ட் பிராம்விச் தோற்றதால், தற்செயலாக லீட்ஸ் அணியைப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பிரீமியர் லீக்குக்கும் உயர்த்தியது. ஐந்தே மாதங்களில் மேலே சொன்ன செல்சி ஆட்டம்.

எனவே லோன் செய்தி வந்ததும் பார்க்க வேண்டியவை: அவரைக் கேட்டு வாங்கியது அந்தப் பயிற்சியாளரா, நிர்வாகமா? அந்த இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர்? அணி பந்தை வைத்து ஆடுமா, தலைக்கு மேல் தூக்கி அடிக்குமா? பயிற்சியாளரின் நாற்காலி ஆட்டம் காண்கிறதா? லோன் எடுத்த பயிற்சியாளர் நீக்கப்பட்டால் பையனின் சீசன் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

நல்ல லோன் என்றால் வீட்டுக்குத் திரும்புவார் என்றும் இல்லை. ஜோ வில்லாக் 2021-இல் நியூகாசிலில் தொடர்ந்து ஏழு லீக் ஆட்டங்களில் கோல் அடித்தார். அந்தக் கோடையிலேயே அவர்களுக்கு விற்கப்பட்டார். ஃபோலரின் பாலோகன் 2022-23-இல் ரான்ஸ் அணிக்காக பிரெஞ்சு லீக்கில் 21 கோல்கள். அடுத்து மொனாக்கோவுக்கு விற்பனை. 2021 டிசம்பரில் சண்டர்லாண்டுக்கு எதிரான அறிமுகத்திலேயே கோல் அடித்து ரசிகர்களைக் கனவு காண வைத்த சார்லி பாட்டினோ பிளாக்பூல், ஸ்வான்ஸி என்று இரண்டு லோன்கள் போய்விட்டு 2024-இல் டிபோர்ட்டிவோ லா கொருன்யாவில் சேர்ந்தார்.

படி 8: விற்பனையைக் கணக்காகப் படியுங்கள்

2024 கோடையில் ஸ்மித் ரோ ஃபுல்ஹாமுக்குச் சென்றார்: சுமார் 2.7 கோடி பவுண்டு, நிபந்தனைகள் நிறைவேறினால் 3.4 கோடி வரை. எடி என்கெட்டியா கிரிஸ்டல் பேலஸுக்கு: சுமார் 2.5 கோடி, மேலும் 50 லட்சம் வரை. ரசிகர்கள் கண்கலங்கினார்கள், கணக்கர்கள் சிரித்திருப்பார்கள்.

காரணம் இது. வாங்கிய வீரரின் விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவாக எழுதப்படும். ஐந்து கோடிக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவரை இரண்டு ஆண்டில் அதே ஐந்து கோடிக்கு விற்றால், புத்தகத்தில் மீதமிருக்கும் மூன்று கோடியைக் கழித்து இரண்டு கோடிதான் லாபமாகத் தெரியும். அகாடமி வீரருக்குக் கொள்முதல் விலையே கிடையாது. விற்ற தொகை முழுவதும் லாபம். கிளப்புகளின் நஷ்டத்துக்கு லீக் வரம்பு வைத்த பிறகு இந்த வித்தியாசம் பெரிதாகிவிட்டது. சொந்தப் பையன்களை வளர்க்க ஊக்கம் தர வேண்டிய விதிகள் அவர்களை விற்க ஊக்கம் தருகின்றன. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வீரரின் பெயர் விற்பனைச் செய்திகளில் அடிபடும்போது அவர் மோசமானவர் என்று முடிவு கட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: சிறுவர்கள் என்பதை மறக்க வேண்டாம்

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றிக் கிளப் அதிகம் வெளியிடாது, வெளியிடவும் கூடாது. ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் இன்ஸ்டாகிராமைத் தேடிப் போய் "அடுத்த சாகா" என்று எழுதாதீர்கள். அவனுக்கு அடுத்த மே மாதத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் அவன் வெளியேற்றப்படலாம். பின்தொடர்வதைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து தொடங்குவதே போதும். 2018-இல் அகாடமியின் பொறுப்பை ஏற்ற பெர் மெர்டெஸாக்கர் "வலிமையான இளம் கன்னர்கள்" (கன்னர்கள் என்பது ஆர்செனலின் செல்லப்பெயர்) என்ற பெயரில் வகுத்த திட்டமே, கால்பந்து வீரராக ஆகாதவனும் நன்றாக வாழத் தெரிந்தவனாக வெளியேற வேண்டும் என்பதுதான்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு குறிப்பு

ஜூலையில் புதிய ஸ்காலர்களின் பெயர்களும் சுற்றுப்பயணப் பட்டியலும் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் லீக் கோப்பை, யூத் லீக், இஎஃப்எல் டிராஃபி. டிசம்பரில் யூத் கோப்பையின் மூன்றாம் சுற்று; பெரிய கிளப்புகள் அங்கேதான் நுழைகின்றன. ஜனவரியில் லோன்கள். மே, ஜூனில் விடுவிக்கப்பட்டவர்கள் பட்டியல். அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். எஸேயின் பெயரும் ஒரு காலத்தில் அப்படி வெளியேறியதுதான், 2025 ஆகஸ்டில் கிரிஸ்டல் பேலஸிடம் ஆறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து ஆர்செனல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

கிளப்பின் இணையதளத்திலும் செயலியிலும் இளையோர் ஆட்டங்கள் பலவற்றை நேரலையாகப் பார்க்கலாம். லண்டனில் காலை 11 மணி ஆட்டம் கோடையில் இந்திய நேரப்படி மாலை மூன்றரைக்குத் தொடங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். அன்று முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை.